அரை டம்ளர்

"வழியை விடு. அந்த டைம் கீப்பரை இன்னிக்கு நாலு வார்த்தை கேட்காம எனக்குச் சோறு இறங்காது."

சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார். மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நாலு வார்த்தை கேட்கக் கிளம்பும் மனிதர் நாலு அடி கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

விஷயம் இதுதான். மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்குச் சோறு போடுவது ஒரே ஒரு மர ஆலை. வேறு வேலை வேண்டுமென்றால் நாலு மணி நேரம் பஸ்ஸில் கீழே இறங்க வேண்டும். ஆர்டர் குறைந்துவிட்டதென்று அன்று காலை ஆலைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். ஐந்து பேருக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை. ஐந்தாவது பெயர் இவருடையது. பதினெட்டு வருஷம் ரம்பத்தின் முன்னால் நின்றவர். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.

ஊரில் அவருக்குப் பெயர் 'அரை டம்ளர்'. வீட்டுக்கு எப்பேர்ப்பட்ட ஆள் வந்தாலும் டீ அரை டம்ளர்தான். பட்டம் வைத்தவர் ஆலையில் வருகைப் பதிவு எழுதும் அந்த டைம் கீப்பர். அதற்கெல்லாம் அசருகிற ஆளா இவர்? சோப்பு கரைந்து காகிதமாகிவிட்டால் புதுச் சோப்பின் முதுகில் அதை ஒட்டிவைப்பார். ஒரே செருப்புக்கு மூன்று முறை அடி மாற்றுவார். மகளின் சீருடையைத் தைக்கக் கொடுக்கும்போதே மூன்று வருஷத்துக்கு மடிப்பு விடச் சொல்வார். தையல்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

எல்லாம் எதற்கு? இந்த வாடகை வீட்டைச் சொந்தமாக்கத்தான். ஆலையின் முதலுதவி அறையில் நர்ஸாக இருக்கும் மனைவியின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும். இவர் சம்பளத்தில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். பதினொரு வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிடித்தார்கள். இன்னும் எட்டே மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த நேரம் பார்த்து இந்த இடி.

காகிதத்தைப் பார்த்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போயிருந்தார். மேனேஜர் இவர் முகத்தைப் பார்க்காமலே பேசினார். வேலையில் ஒரு குறையும் இல்லையாம். வேலை போனாலும் எந்தக் குடும்பம் தாங்கும் என்று விசாரித்துத்தான் பெயர் போட்டார்களாம். இவர் வீட்டு நிலவரம் நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் சொன்னாராம். யார் அந்த மகராசன் என்று கேட்டதற்கு மட்டும் மேனேஜர் வாயைத் திறக்கவில்லை.

இவருக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"அரை டம்ளர் மூட்டை மூட்டையாச் சேர்த்து வச்சிருக்கான், அவனுக்கென்ன கேடுன்னு போய் ஓதியிருக்கான்" என்றார். "அவன் மட்டும் ஜம்முனு உள்ளே உட்கார்ந்திருக்கான் பாரு."

"அவரா இருக்காதுங்க" என்றாள் மனைவி மெல்ல.

"உனக்கு எப்படித் தெரியும்?"

காலையிலிருந்தே அவள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். திட்டவுமில்லை, அழவுமில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கி அவிழ்த்துக்கொண்டிருந்தது.

வெளியே கிடந்த செருப்பைக் காணவில்லை. மகள் எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். கேட்டதற்குக் கணக்கு நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெரியாது என்றாள். சரி, வெறுங்காலோடு போனால் அடி விழாதா என்று அவர் கதவு மூலையில் சாத்தியிருந்த தாழ்ப்பாள் கட்டையைக் கையில் எடுத்தார். மகள் நோட்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

மனைவி கட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை. அவளுக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

"விடும்மா. நான் யாரு குடியைக் கெடுத்தேன்?" அவர் குரல் உடைந்தது. "ஒருத்தன்கிட்ட கை நீட்டக் கூடாது, நாளைக்கு எவனும் நம்மளை வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லக் கூடாதுன்னு சேர்த்தேன். அது ஒரு குத்தமா? அதுக்கா என் பேரைக் கொடுத்தான் அந்தப் பாவி?"

இத்தனை வருஷத்தில் அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. மகள் ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மகளை விலக்கிவிட்டு, மனைவியின் தோளையும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, அவர் படியில் கால் வைத்துவிட்டார்.

"அந்த வீட்டுக்குப் போகாதீங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து. "அஞ்சாவது பேரா முதல்ல இருந்தது அவர் பேர்தான். அவர் வீட்டம்மாவுக்குத் தினமும் நான்தான் ஊசி போடறேன், அவர் வேலை போய் மருந்து ஒரு வாரம் நின்னாலும் ஆள் தங்காதுங்க. மேனேஜர்கிட்ட அவர் பேரை அடிச்சுட்டு உங்க பேரை எழுதச் சொன்னது நான்."