நோயில்லாதவர் பட்டியல்

ரத்தச் சோதனை முடிவோடு ஆராய்ச்சி டொக்டர் ரிஸ்னா தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“மூட்டுக்குள்ள இருக்கிற செல்லெல்லாம் கண்டபடி வளராம அடக்கிவைக்கிற மைக்ரோ ஆர்என்ஏ ஒங்களுக்குக் கொறைஞ்சிருக்கு, அக்கா.”

“கவ்வாத்து வெட்டாத தேயிலை மாதிரிங்களா?” என்றாள் கொழுந்து பறிக்கும் சிவபாக்கியம்.

“அதேதான். முடக்குவாதம். விரல் வலிக்கலையா?”

“மூணு வருசமா வலிக்குதுங்க.”

ரிஸ்னாவுக்குச் சுருக்கென்றது. நோயாளிகளோடு ஒப்பிட, வலியே இல்லாதவர்கள் வேண்டுமென்று தோட்டத்தில் கேட்டபோது முதலில் பெயர் கொடுத்தவள் இவள்தான்.

“அன்னைக்கு ஏன் பொய் சொன்னீங்க?”

“கணக்கப்புள்ள பக்கத்துல நின்னாருங்களே. வலின்னா மறுநாளு காலைப் பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்பிட மாட்டாரு, வேலை இல்ல.”

ரிஸ்னா நோயில்லாதவர் பட்டியலைப் பிரித்தாள்.

“அப்ப மத்த பதினாலு பேரு?”

“அவங்களையும் அவரு முன்னாலதானே கேட்டீங்க?”