அரை நொடி லேட்டு

பல் ஆஸ்பத்திரிக் கதைன்னதும், ஆடுற பல்லை விட்டுட்டு நல்ல பல்லைப் புடுங்கிட்டாகன்னு சொல்லுவேன்னுதானே சிரிக்க ரெடியா இருக்கீங்க? வாயை மூடுங்க. இது புடுங்காத பல்லோட கதை.

மிமிக்ரி ஆண்டிச்சாமின்னு மேலூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்க. அவனியாபுரம் வாடிவாசல் மைக்குக்காரர்ல இருந்து, அங்க எறங்குற பிளேன் சத்தம் வரைக்கும் திருவிழா மேடையில பேசுற ஆளு. கூட்டத்துல சிரிப்பு எந்த நொடியில வரும்னு எனக்கு அத்துபடி. இந்த வருசம் எங்கூர்க் கமிட்டிக்காரங்க கூப்பிடல. கஞ்சப்பயலுக.

அன்னைக்கு டவுன் பல் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கிற ஆளு எம்பேரைத் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. கடைசியில எம்பொஞ்சாதி முனீஸ்வரிதேன் சொன்னா. வாசல் டீக்கடைக்காரனுக்கும் அதே கோளாறு. இந்த ஊருல மொதல்ல காதுக்குத்தேன் ஆஸ்பத்திரி கட்டணும்.

உள்ள ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, அஸ்வினின்னு பேரு.

"வாயை நல்லாத் திறங்க சார்."

"தெறந்துதேன் இருக்கேன்."

"மூணு விரல் போகணும் சார். உங்களுக்கு ரெண்டே திணறுது. பாக்கு போட்டுப் போட்டுக் கன்னத்துச் சதை உள்ளுக்குள்ள கயிறு மாதிரி இறுகிப் போச்சு. நாக்கும் சரியாப் பொரளல."

"நாக்கு பொரளாமலா மேடையில பொழைக்கிறேன்?"

அது சிரிக்கல. டாக்டருக்குப் படிக்கையில சிரிப்பை மொதல்ல புடுங்கிருவாக போல.

"இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது சார். உங்க ஞானப்பல் ஒண்ணை எடுத்து, அதுக்குள்ள இருக்கிற மெத்துன்னு சதையில இருந்து ஸ்டெம் செல் பிரிப்போம். லேப்ல வளர்த்து, கன்னத்துல இறுகுன இடத்துல ஊசி வழியா விடுவோம். புதுச் சதை வளர்ந்து இளகுதான்னு பாக்கணும்."

"நாத்துப் பாவி, பறிச்சு, நடவு நடுற மாதிரியா?"

"அப்படியே வச்சுக்கங்க. வெளையும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆராய்ச்சிதான். ஆனா பாக்கை இன்னையோட விடணும். பாக்கைப் போட்டுக்கிட்டே இதைச் செஞ்சா, நட்ட நாத்துல நீங்களே களைக்கொல்லி அடிச்ச மாதிரி."

"பாக்கு இல்லாட்டி எனக்குக் குரலே எழும்பாது தாயி."

"வெளிய உக்காந்து யோசிங்க சார். இன்னும் ஒரே ஒரு ஆளைத்தான் சேக்க முடியும். அது உங்களுக்குக் கெடைக்கணும்னு நெனைக்கிறேன்."

வெளிய வந்தேன். முனீஸ்வரி எந்திரிச்சு வந்தா.

"என்ன சொன்னாக?"

"பல்லைக் குடு, பாக்கை விடுங்குது. ரெண்டும் நடக்காது."

"விட்ருங்களேன்."

"என் வாயி, என் பாக்கு. நேத்து வந்த பிள்ளை சொல்லி நான் கேக்கணுமாக்கும்?"

அவ வழக்கம்போல எனக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டா. மேடையிலயும் அவ எடம் அதுதேன். அவ மூஞ்சியப் பாத்தா எனக்கு டயலாக் மறந்துரும்.

ஹால் நெறையா சனம். ஆளுக்கொரு பக்கம் கன்னம் வீங்கி, சாப்பாடு தீந்துபோன பந்தியில உக்காந்த மாதிரி முழிச்சுக்கிட்டு இருந்தாக. கூட்டத்தைப் பாத்தா நம்மளால சும்மா இருக்க முடியுமா?

டாக்டரம்மா குரல்ல ஆரம்பிச்சேன். "மூணு விரல் போகணும் சார். போகலேன்னா கடப்பாரை இருக்கு சார்."

ஹாலே சிரிச்சுச்சு. என்ன, அரை நொடி லேட்டு. டவுன்காரனுக்குப் புரிய நேரமாகுமில்ல.

அடுத்து வாடிவாசல் மைக்கு. "வருது பாரு, மேலூரு ஞானப்பல்லு. டாக்டரம்மா, கொரடோட வெலகி நில்லு. தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு... புடிக்க முடியல. பல்லு வெற்றி. பல்லுக்கு ஒரு அண்டா."

மறுபடி சிரிப்பு. மறுபடி அரை நொடி. முன்வரிசையில கன்னத்தோட சேத்துத் துண்டு கட்டியிருந்த ஒரு ஷேர் ஆட்டோக்காரரு, வீக்கத்தைக் கையில புடிச்சுக்கிட்டு மொத ஆளாச் சிரிச்சாரு. வலியோட சிரிக்கிறான்னா அவன்தான்யா ரசிகன்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளிய வந்துச்சு.

"முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

"பண்ணிட்டேன். எம்பல்லு எங்கிட்டயே இருக்கட்டும். அந்த எடத்தை வேற ஆளுக்குக் குடுங்க."

"ஒருதடவை வீட்ல கலந்து..."

"கலக்குறதுக்கு என்ன இருக்கு?" சட்டைப் பையில இருந்து பாக்குப் பொட்டலத்தை எடுத்து, அது கண்ணு முன்னாலயே கிழிச்சேன். "நாக்கு பொரளலைன்னீகளே. இந்தா இருக்கு சனம். அம்புட்டுப் பேரும் இப்ப வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக. கேட்டுப் பாருங்க."

டாக்டரம்மா என்னைத் தாண்டிப் பின்னாடி ஒரு பார்வை பாத்துச்சு.

நானே ஆட்டோக்காரர்கிட்டத் திரும்புனேன்.

"மாப்ள, நீங்க சொல்லுங்க. டாக்டரம்மா குரலு அச்சு அசலா வந்துச்சா, இல்லையா?"

அந்தாளும் என்னைப் பாக்கல. என் தோளுக்கு மேல பாத்தாரு. பாத்துக்கிட்டே கன்னத்துத் துண்டை அவுத்தாரு.

"யக்கா, போதும்க்கா, இனிமேயும் வேணாம் வேணாம்னு எனக்குத் தலையாட்டாதீக... அண்ணே, குரலு கெடக்கட்டும், நீங்க பேசுனதே எங்களுக்கு வெளங்கலண்ணே. எப்பச் சிரிக்கணுமோ அப்பல்லாம் சிரிங்கன்னு பின்னாடி நின்னு அக்காதேன் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டாக."