கடைசியாக எழுந்திருப்பவர்

“ஆமை இருக்காளா?”

அக்கா வேலை பார்க்கும் டிக்கெட் கவுன்டரின் பின்கதவில் நின்று சத்தமாகக் கேட்டான் தம்பி. நாற்பது வயசு ஆள், வாய் மட்டும் இன்னும் வளரவில்லை.

“இங்கேயும் வந்து என் மானத்தை வாங்கணுமாடா?” அக்கா அவனைச் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். “முதல்ல ரிசல்ட்டைச் சொல்லு.”

“என் உணவுக்குழாய்ல அலர்ஜி அணுக்கள் கூட்டம் போட்டு உட்கார்ந்திருந்துச்சுல்ல? ஆறு மாசம் முன்னாடி சதையைக் கிள்ளி மைக்ரோஸ்கோப்ல எண்ணினப்ப எண்பது. இப்ப நாலே நாலு! மருந்தை மட்டும் விடக்கூடாதாம்.”

“அப்பாடா!” அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அதனால இன்னைக்குப் பந்தயம். நீயா நானான்னு பார்த்துடலாம்.”

இருவரும் அவரவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள்.

அந்தக் காலத்தில் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். கடைசியாகச் சாப்பிட்டு எழுந்திருப்பவர்தான் எல்லாப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும். தம்பிக்கோ ரொட்டி நெஞ்சிலேயே நிற்கும். வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துத் தள்ளுவான். நோய் என்று அப்போது யாருக்குத் தெரியும்? “சோம்பேறி” என்பார் அப்பா.

ஆனாலும் அவன் ஒரு நாள்கூடப் பாத்திரம் கழுவியதில்லை. அவனையும்விட மெதுவாக அக்கா மென்றுகொண்டிருப்பாள். பிறகு அவள் கை சோப்புத் தண்ணீரில் ஊறும். இவன் பின்னால் நின்று “ஆமை, ஆமை” என்று ராகம் போடுவான். அதெல்லாம் திரும்பி வருமா என்ன!

இன்று ரொட்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பத்தே நிமிஷத்தில் டப்பா காலி. நிமிர்ந்தால், அக்காவின் டப்பாவில் பாதி அப்படியே இருந்தது.

“எண்பதே நாலாயிடுச்சு, நீ மட்டும் மாறவே மாட்டியா?” கைகொட்டிச் சிரித்தான்.

பக்கத்துக் கவுன்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, உடம்பு சரியில்லையா? தினமும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு, ‘இன்னும் என்ன மென்னுக்கிட்டு’ன்னு எங்களை விரட்டுவீங்களே!”

தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளையே பார்த்தான்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ எழுந்திருடா முதல்ல. டப்பாவை வச்சிட்டுப் போ, நான் கழுவிக்கிறேன்.”