காது மந்தமான ஒற்றர்

கதவு தட்டப்பட்டதும் இலிங்கா செய்த முதல் காரியமே தப்பாகப் போனது.

தொலைபேசியின் மேல் கிடந்த தலையணையை எடுத்து ரேடியோவின் மேல் போட்டாள்.

இப்போது தொலைபேசி மொட்டையாக உட்கார்ந்திருந்தது.

தொலைபேசிக்குத் தலையணை போடாத வீடு அந்த அடுக்குமாடியில் கிடையாது. புக்கரெஸ்ட் நகரத்திலேயே கிடையாது. ரிசீவரை வைத்த பிறகும் அது அரசாங்கத்துக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். குளிர்காலத்தில் மனிதர்களுக்குத்தான் போர்வை போதவில்லை. தொலைபேசிக்கு ஒரு குறையும் இல்லை.

“யாரு?”

“நான்தான் கண்ணு. கீழ்வீட்டு தெலியானு மாமா.”

இலிங்கா தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

தெலியானு மாமா அந்த மாடிப்படி வீடுகளை வேவு பார்த்து எழுதும் அரசாங்க ஒற்றர். ரகசிய வேலை என்பதால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டுக்கு வீடு அவருக்கு இனிப்பு ரொட்டி போகும், எழுதுகிற கை கொஞ்சம் இனிப்பாக எழுதட்டும் என்று. போதாததற்கு அவருக்குக் காது மந்தம். அவரைப் படியில் பார்த்தால் எல்லோரும் நாட்டின் தலைவரைச் சத்தம் போட்டுப் புகழ்வார்கள். அரைகுறையாகக் காதில் வாங்கி வேறெதையாவது எழுதித் தொலைக்கக் கூடாதே!

அம்மா வீட்டில் இல்லை. பன்றிக்கால் வாங்க வரிசையில் நின்றிருந்தாள். பன்றியின் மற்ற பாகமெல்லாம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிவிடும். நாட்டை விட்டுப் போகாத கால்களுக்கு வரிசையில் நிற்பவர்கள் ‘தேசபக்தர்கள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அண்ணன் சில்வியு திமிஷோரா நகரத்தில் படிக்கிறான். அங்கே ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். பட்டாளம் சுடுகிறது என்று பேச்சு. அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உள்ளூர்த் தொலைக்காட்சி மாலையில் இரண்டு மணி நேரம் ஓடும். முதல் மணி நேரம் தலைவர் வருவார், அடுத்த மணி நேரம் தலைவரின் மனைவி வருவார். சில்வியு உயிரோடு இருக்கிறானா என்று தெரிய வேண்டுமானால் மியூனிக்கிலிருந்து பேசும் வெளிநாட்டு வானொலிதான் கதி. அதைக் கேட்டது வெளியே தெரிந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம் போய்விடும். அம்மாவுக்கு வேலை போய்விடும். அதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

கதவைத் திறந்தாள்.

மாமா உரோமத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மொட்டைத் தொலைபேசியைப் பார்த்தார். நாற்காலியில் கிடந்த தலையணையைப் பார்த்தார்.

தலையணை செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

அணைக்க மறந்துவிட்டாள்.

“அது… பாடம் மாமா. ஸ்கூல்ல கேக்கச் சொன்னாங்க.”

“எந்த ஸ்கூல்ல? மியூனிக்லயா?”

பதினாறு வயதில் ஒரு பெண்ணுக்கு எத்தனை பொய் கைவசம் இருக்குமோ, அத்தனையும் அந்த ஒன்றோடு தீர்ந்துவிட்டது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

தெலியானு மாமா தொலைபேசிக்குப் பக்கத்தில் போனார். தொப்பியை அதன் மேல் கவிழ்த்தார். காது வரைக்கும் இழுத்துவிடுவது போல நன்றாக அமுக்கிவிட்டார். பிறகு நாற்காலியின் எதிரே உட்கார்ந்தார்.

“சத்தத்தைக் கூட்டு கண்ணு. வருஷக்கணக்கா குழாய்ல காதை வச்சுத்தான் கேக்கறேன். இந்த வாரம் நீ ரொம்பக் கம்மியா வச்சுட்ட.”

அறையைச் சூடாக்குவதற்காகப் போட்ட குழாய் அது. சூடு வருவது எப்போதோ நின்றுவிட்டது. சத்தம் மட்டும் ஒழுங்காகக் கீழ்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

“அப்ப, எங்களைப் பத்தி என்ன எழுதினீங்க?”

“பொண்ணு நல்லாப் படிக்கறா, தெனமும் வாய்விட்டுப் படிக்கறான்னு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கண்ணும் நிறைந்தது. ரேடியோவை எடுத்து நடுவில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

திமிஷோராவில் தேவாலயத்தின் படிகளில் இளைஞர்கள் மெழுகுவத்தியோடு நின்றார்கள் என்றது வானொலி. அங்கே யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்த ஒலியைப் போட்டார்கள். கூச்சல். பிறகு பட்டாசு போல வரிசையாக வெடிச் சத்தம்.

ஒவ்வொரு வெடிக்கும் இலிங்கா மனதுக்குள் சிலுவை போட்டாள். ஆண்டவரே, சில்வியு மேல் படக் கூடாது.

மாமாவும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். மனதுக்குள் அல்ல, வெளிப்படையாகவே.

“என் பையனும் அங்கதான் இருக்கான்.”

அவளுக்குச் சட்டென்று அவர் சொந்த மாமாவைப் போலத் தோன்றினார்.

“எங்கண்ணன் மாதிரி காலேஜ்லயா?”

“இல்ல கண்ணு. பட்டாளத்துல.”

மறுபடியும் வெடிச் சத்தம் கேட்டது. இந்த முறை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எழுந்து போங்கள் என்ற சொல் அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. அவர் நரைத்த தலையைக் குனிந்து, மந்தமான காதை ரேடியோவோடு ஒட்டி வைத்திருந்தார். ஒரு குண்டைக்கூடத் தவறவிடக் கூடாது என்பது போல.

“அவன் பேரு என்ன மாமா? ஜெபத்துல சேத்துச் சொல்லணும்.”

ஊரார் பெயரையெல்லாம் கேட்டு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர், தன் மகனின் பெயரைக் கேட்டதும் பயந்துபோனார். கதவைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“டோமா,” என்று காதோடு சொன்னார். “அவனுக்குக் குறி பாத்துச் சுடவே வராது கண்ணு. வராமலே இருக்கணும்னு வேண்டிக்க.”