மூன்றாம் மாடிக் குப்பை

“நம்ம வீட்டுப் பையை மட்டும்தாங்க பிரிச்சுக் கிளறுறா. மத்த வீட்டுப் பையெல்லாம் அப்படியே வண்டிக்குள்ள போகுது.”

மனைவி சொன்னதும் அவர் தலைவாரிக்கொண்டிருந்த சீப்பு பாதியில் நின்றது.

“யாரு?”

“குப்பை எடுக்க வர்ற அம்மாதான். மூணு நாளா பால்கனியில நின்னு பார்க்கிறேன். குச்சியால துழாவுறா, எதையோ எடுக்கிறா, ஒரு டப்பாவுல போட்டு மூடிக்கிறா.”

“குப்பையில என்ன தங்கமா இருக்கு? விடேன்.”

“தங்கமோ தகரமோ, நம்ம வீட்டுது எதுக்கு அவளுக்கு? சூப்பர்வைசருக்கு போன் பண்ணிட்டேன். இப்ப வந்துடுவாரு.”

அவர் சீப்பைக் கீழே வைத்தார்.

தங்கமில்லை, ஊசி. நாலு மாதமாகக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஊசி மாட்டும் மருந்துப் பேனா சவரப் பெட்டிக்குள் இருக்கிறது. தினமும் கழற்றுகிற ஊசியைக் காகிதத்தில் சுருட்டி, குப்பைப் பையில் வெங்காயத் தோலுக்கு அடியில் தள்ளிவிடுவார். யார் பார்க்கப் போகிறார்கள்?

மாமனாருக்குச் சர்க்கரையில் காலை எடுத்த நாளிலிருந்து, அந்த வார்த்தை காதில் விழுந்தாலே மனைவிக்கு முகம் வெளுத்துவிடும். அதனால்தான் மூச்சு விடவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் சூப்பர்வைசர். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா. வலது ஆள்காட்டி விரலில் கட்டு.

“ஏம்மா, இவங்க வீட்டுப் பையைப் பிரிச்சியா?”

“பிரிச்சேன் சார்.”

“என்னத்துக்கு?”

அந்த அம்மா சூப்பர்வைசரைத் தாண்டி ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்தாள். அவர் மிதியடியைப் பார்த்தார்.

“பழைய பிளாஸ்டிக் ஏதாச்சும் கிடைக்குமான்னு பார்த்தேன் சார்.”

“கேட்டீங்களா? அவ வாயாலயே வந்துடுச்சு!” என்றாள் மனைவி. “டப்பாவுல போட்டு மூடினியே, அது என்ன?”

“மூடி, திருகாணி… அந்த மாதிரிம்மா.”

“விரல்ல என்ன கட்டு?” என்றார் சூப்பர்வைசர்.

“தகரம் கிழிச்சிடுச்சு சார்.”

“பையைப் பிரிச்சுப் பொறுக்காதேன்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிறது? நாளையிலேருந்து வேலைக்கு வராதே. அட்டையைக் குடு.”

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவள் கழற்ற முயன்றாள். கட்டுப்போட்ட விரல் நாடாவுக்குள் மடங்கவில்லை. இன்னொரு கையால் இழுத்தாள்.

இன்னும் அரை நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். கதவைச் சாத்திவிடலாம்.

நாடா அவள் காதைத் தாண்டி மேலே வந்தது.

“வாங்காதீங்க சார்.” குரல் அவருக்கே கேட்கவில்லை. ஓரடி முன்னால் வந்தார். “அது தகரம் கிழிச்சதில்லை. ஊசி. இன்சுலின் ஊசி. என்னுது.”

மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். “எத்தனை நாளா?”

“நாலு மாசமா.”

“நாலு மாசமா… இதே வீட்டுக்குள்ள?”

சூப்பர்வைசர் கொதித்துப்போனார்.

“என்ன சார், படிச்சவரு நீங்க! ஊசியைக் கெட்டியான டப்பாவுல போட்டு, இறுக்கி மூடி, மேல ‘ஊசி’ன்னு எழுதித் தனியா கையில குடுக்கணும். காகிதத்துல சுருட்டிட்டா குத்தாதா? ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனியா?”

“போனேன் சார். ரத்தம் எடுத்தாங்க. பயப்படுற மாதிரி இல்லைன்னாங்க. இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்காங்க.”

“நானும் கூட வர்றேம்மா,” என்றார் அவர். “என்னை மன்னிச்சிடுங்க.”

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மா பக்கம் திரும்பினாள்.

“குத்தின அன்னைக்கே மேல வந்து என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே! வேலையே போகப் பார்த்துச்சு. அப்பக்கூட எதுக்கும்மா இவருக்காக மறைச்சீங்க?”

அந்த அம்மா அட்டையைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“வெங்காயத் தோலுக்கு அடியில சொருகியிருந்ததுலயே ஒளிச்சுப் போட்டுக்கிறாருன்னு புரிஞ்சுதும்மா. எப்படியோ போட்டுக்கிட்டா சரின்னு நானே பொறுக்கி எடுத்துட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஒளிச்சாரு. நான் கண்டுபிடிச்சுச் சத்தம் போட்டேன். அன்னைக்கு ஊசியை நிறுத்தினவருதான். மூணு மாசம்கூட உசிரோட இருக்கலை.”