வாசத்துக்கு மட்டும்

முதல் வாஃபிள் இரண்டாகக் கிழிந்து, பாதி மெஷினின் மேல்தட்டிலும் பாதி கீழ்த்தட்டிலும் ஒட்டிக்கொண்டது.

அவர் மரக்கரண்டியால் சுரண்டினார்.

இது நல்லதுக்கா, கெட்டதுக்கா? அதுதான் அவருக்கு விளங்கவில்லை.

ஒரு மணிக்கு வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வீட்டை விற்றுத்தரும் பெண் ஸில்யே நேற்றே சொல்லிவிட்டாள். பன்னிரண்டரைக்கு வாஃபிள் சுடுங்கள். ஏலக்காயைத் தாராளமாகப் போடுங்கள். வாசல் வரைக்கும் மணக்க வேண்டும். வாசம் பிடித்தால் வீடும் பிடித்துவிடும்.

சுட்டதை யார் சாப்பிடுவது?

யாரும் சாப்பிட வேண்டாமாம். வாசத்துக்கு மட்டும்தானாம்.

அதோடு, ஆட்கள் வருமுன் அவர் வெளியே போய்விட வேண்டுமாம். வீட்டுக்காரர் நின்றால் வருகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்குமாம்.

அட கடவுளே! சமைத்து மணக்க வைத்துவிட்டு, ஆட்கள் வரும் நேரம் பார்த்து வீட்டுக்காரன் மழைக்குள் ஓடிப்போவதா? இது எந்த ஊர் நியாயம்?

பேர்கன் ஊர் நியாயம். இருபத்தெட்டு வருடமாக இதே ஊரில் பஸ் ஓட்டியும் அவருக்கு இது தெரியாமல் போய்விட்டது. உறைபனியில் மலைவளைவுகளில் பெரிய பஸ்ஸைத் திருப்பியவர் நகுலேஸ்வரன். இன்றைக்கு ஒரு கரண்டி மாவுக்கு முன்னால் மூன்று தரம் யோசித்தார்.

ஊற்றினார். மூடினார்.

மனைவி வத்சலா இருந்தால் இந்த வாஃபிள் மெஷின் பக்கமே அவரை விட்டிருக்க மாட்டாள். அவள் ஒஸ்லோவில் இருக்கிறாள். மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள். பத்தியம் சமைக்க ஆறு வாரத்துக்கென்று போனவள். இப்போது ஐந்தாவது மாதம். இனி அங்கேதானாம். வீட்டை விற்றுவிட்டு அவரும் வந்துவிட வேண்டுமாம்.

சண்டை ஒன்றும் இல்லை. வத்சலா சொன்னால் சொன்னதுதான்.

அவருக்கு இந்த வீடு வேண்டும். ஒவ்வொரு பலகையும் அவர் கையால் வர்ணம் பூசியது. வத்சலாவும் வேண்டும். ஐந்து மாதமாகத் தனியே சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போய்விட்டது.

வாஃபிள் நன்றாக வந்தால் வீடு போய்விடும்.

கருகினால் வீடு நிற்கும். அவரும் இங்கேயே தனியாக நிற்பார்.

கருக்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

நின்றார்.

போனில் வத்சலாவின் குரல்பதிவு வந்திருந்தது. தட்டினார்.

“மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ. ஆவியைப் பாருங்கோ. ஆவி வாறது நிண்டால் வெந்திட்டுது. ஒவ்வொருக்காலும் பட்டர் பூச வேணும், என்ன? பூசியிருக்க மாட்டியள். எனக்கு உங்களைத் தெரியாதா?”

பின்னால் ஒரு குழந்தை அழுதது. இரண்டாவதும் சேர்ந்துகொண்டது.

ஆவி நின்றது.

கை தானாகப் போய்த் திறந்துவிட்டது. நல்ல பொன்னிறம். இதய வடிவத் துண்டுகள் ஐந்தும் முழுசாக நின்றன.

சந்தோஷமாக இருந்தது. வீடு போய்விடுமே என்றும் இருந்தது.

பட்டர் பூசினார். அடுத்ததை ஊற்றினார்.

ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸில்யே வந்து, காலணிக்கு மேலே மாட்டும் நீலப் பொலித்தீன் உறைகளை வாசலில் குவித்தாள். இன்னும் போகவில்லையா என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தார்.

அங்கே ஒரு கணவனும் மனைவியும் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார்கள்.

“வாங்கோ, வாங்கோ.”

தமிழ்தான் முதலில் வந்தது. பிறகு கோட்டைக் கழற்றினார். வந்தவர்களை வாய் நனைக்காமல் அனுப்ப அவரால் முடியாது. எவ்வளவு யோசித்தும் முடியாது.

ஆளுக்கொரு தட்டு. வாஃபிளுக்கு மேலே பழுப்புச் சீஸ். கேட்டவர்களுக்கு ஸ்ட்ராபெரி ஜாம். ஸில்யே தொண்டையைச் செருமினாள். அவர் அவளுக்கும் ஒன்று கொடுத்தார்.

அடுத்த குடும்பம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. படுக்கையறையை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நீலக் கால்களோடு எல்லாரும் குசினிக்குள் வாஃபிள் மெஷினைச் சுற்றி நெருக்கியடித்து நின்று தின்றார்கள், சிரித்தார்கள். ஒருவர் வெட்கப்படாமல் மூன்றாவது கேட்டார். நகுலேஸ்வரன் ஓடி ஓடிச் சுட்டார். ஐந்து மாதத்தில் இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை.

விற்பதற்கல்லவா இதெல்லாம்? பிறகு ஏன் மனம் இப்படிக் குளிர்ந்து கிடக்கிறது? அதுவும் விளங்கவில்லை.

எல்லாரும் போனார்கள். ஸில்யே உதட்டோரத்து ஜாமைத் துடைத்தாள். இப்படியொரு நாளைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். மூன்று குடும்பம் வீட்டைக் கேட்கிறதாம். நாளைக்கே முடித்துவிடலாமாம். சரி என்று சொல்லட்டுமா?

அவர் கடைசி வாஃபிளைத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடிக்கொண்டிருந்தார்.

“பொறுங்கோ. வத்சலா வந்து சாப்பிடட்டும். கேட்டுச் சொல்லுறன்.”

இதுவும் தமிழில்தான் வந்தது. ஸில்யே விழித்தாள்.

அவர் மூடிய தட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

பிறகு, அவளுக்கு விளங்கும் மொழியில் மெல்லக் கேட்டார்.

“ஒஸ்லோவுக்கு ரயிலில் ஏழு மணித்தியாலம். அதுவரைக்கும் இது கெடாமல் இருக்குமா?”