ஊமைப்படக் கதவு

2004-இல் ராயபுரத்தில் என்னைவிட நன்றாகப் பயமுறுத்தத் தெரிந்தவன் கிடையாது. பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடத்தில் பேசி ஆடும் ஆட்டங்களுக்கு நான்தான் கதை கட்டுவேன். புதுக் கதை, பழைய ஹாலிவுட்டில் ஓர் ஊமைப்பட ஸ்டூடியோவில் நடந்தது. அங்கே ஒரு கதவு. அதன் பின்னால், வானத்து நட்சத்திரங்களுக்கும் மூத்த ஒன்று. உள்ளே போனவர்களின் நிறத்தையும் சத்தத்தையும் எடுத்துக்கொண்டு அது திருப்பி அனுப்பிவிடும்.

ஹாலிவுட்டை நான் பார்த்ததில்லை. அதனால் என்ன? ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனை அப்படியே வரைந்து, ஸ்டூடியோ என்று எழுதிவிட்டேன்.

ஸ்டேஷனில் வேலை பார்க்கும் அலெக்ஸாண்டர் படத்தைப் பார்த்துச் சிரித்தான். “இன்னா மாமு, அந்தச் செவுத்துல ஏது கதவு?”

“நான் வெச்சது.”

“நாளிக்கு டூட்டில பாத்துட்டு சொல்றேன்.”

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வழக்கம்போல் ஆட வந்தான். அவனுடைய சிவப்புச் சட்டை சாம்பல் நிறமாக இருந்தது. கைகளும், உதடுகளும்கூட.

“இன்னாண்ணா, ஒடம்பு செரியில்லியா?” என்றாள் அவன் தங்கை ஹெப்சிபா.

அவன் உதடுகள் வெகுநேரம் அசைந்தன.

அவன் முறை வந்தது. பகடையைத் தள்ளினேன். உருட்டினான். தகர மேஜைமேல் அது துள்ளித் துள்ளி ஓடி, துளிச் சத்தமில்லாமல் நின்றது.